சுருளில் மீதி பதினெட்டு மீட்டர்

மூன்றாம் மாடியிலிருந்து கயிறு விட்டு
பிளக் முனையை மேலே இழுத்துக்கொண்டேன்.
குளோரி வீட்டுக் கொடியில் காயும் பள்ளிச் சட்டையை உரசி,
முதல் மாடி ஏசிப் பெட்டியில் ஒருமுறை வளைந்து
கீழே இறங்கியது ஒயர்.
டிரம்மைத் தரையில் வைக்கவில்லை,
மழைத்தண்ணி படுமே என்று
பில்கிஸ் வீட்டு ஜன்னல் திண்டில் வைத்தேன்.
அவ்வளவு ஜாக்கிரதை நான்.

எர்ணாவூர். சுனாமிக் குடியிருப்பு.
வடக்கே புகைபோக்கிகள்.
கரண்ட் பிறக்கிற ஊர் என்று பெயர்.
சாம்பல் நேராக வந்துவிடும் எங்கள் கொடித்துணிக்கு.
கரண்ட் மட்டும் ஊரெல்லாம் சுற்றி
கடைசிப் பந்திக்கு வருகிற சம்பந்தி மாதிரி
முகம் சுளித்துக்கொண்டு வரும்.

கார் என்னுடையது என்று சொல்லலாம்,
இன்னும் நாற்பத்தொரு தவணைக்குப் பிறகு.
ராத்திரி சார்ஜ், காலை நாலரைக்கு ஏர்போர்ட் சவாரி.
டிரம் வாங்கியது பிராட்வே பிளாட்பாரத்தில்.
"முப்பது மீட்டர் அண்ணே, ராக்கெட்டே விடலாம்."
எனக்குத் தேவை பன்னிரண்டு.
மீதி பதினெட்டு சுருளிலேயே கிடந்தது,
சமர்த்தாக.

மூன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாத ராத்திரிகள்தான்
ஆளைக் கெடுக்கும்.

நாலாவது ராத்திரி இரண்டு மணி.
"யோபு! டேய் யோபு! உன் ஒயரு வேவுது!"

ஸ்விட்ச் என் வீட்டுக்குள்.
தீய்வது அவள் ஜன்னலில்.
நடுவே இரண்டு மாடித் தூக்கம்.
எழுந்து, லுங்கி தேடி, இருட்டில் தப்பு ஸ்விட்ச் தட்டி,
மிக்ஸி ஒருமுறை அலறி,
பிறகுதான் சரியான ஸ்விட்ச்.
படியிறங்கும்போது எண்ணிப் பார்த்தேன்:
அவள் எத்தனை முறை கூப்பிட்டாள்
நான் கேட்கும் முன்பு?

பில்கிஸ் திருவொற்றியூர் பட்டறையில்
மோட்டார் காயில் சுற்றுபவள்.
மகனை இடுப்பில் வைத்திருந்தாள், எட்டு வயசுப் பையனை,
கைக்குழந்தையைப் போல.
அவன் படுக்கும் பாய் அந்த ஜன்னலுக்குக் கீழே.

"சுத்தி வெச்சா சூடு எங்க போவும்?
பத்து ஆம்பியர் டிரம்மு, அதுவும் முழுசாப் பிரிச்சி வெச்சாத்தான்.
உன் காரு ராத்திரி பூரா பதினஞ்சு இழுக்குது."
மேலே சொல்லவில்லை.
திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பதினெட்டு மீட்டரும் ஒரே உருண்டை,
வெயிலில் விட்ட கமர்கட்டு மாதிரி.
பிளேடு வைத்துக் கீறினாள்.
"செம்பு இல்ல. பூச்சு."
எர்த் ஒயர் எங்கே என்று கேட்டாள்.
மூன்றாவது முள் இருந்தது பிளக்கில்,
பித்தளை, பளபளவென்று.
அதன் பின்னால் ஒன்றும் இல்லை.

பதினாறு நாள் மணலி ரோட்டில்
காசு கட்டி, வரிசையில் நின்று சார்ஜ் போட்டேன்.
சங்கத்தில் மூன்று கூட்டம், ஒரு கைகலப்பு, ஒரு கையெழுத்து.
கீழே தனி மீட்டர், தனி லைன்,
நாலு ஸ்கொயர் செம்பு, தன்னால் விழுகிற பிரேக்கர்,
சுவரில் மூடி போட்ட பாயிண்ட்.
நடுவில் ஒட்டு இல்லை, டேப் இல்லை, டிரம் இல்லை.

எர்த் குழிக்கு உப்பும் கரியும் வேண்டும் என்றார் ஒயர்மேன்.
உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற ஊரில்
கடைக்குப் போய் பத்து கிலோ உப்பு வாங்கினேன்.
கரிக்கு எங்கும் போகவேண்டாம் என்று சிரித்தான் கடைக்காரன்.
ஆனால் சாம்பல் உதவாது. கரிதான் வேண்டும்.
அதையும் காசு கொடுத்தே வாங்கினேன்.

முதல் ராத்திரி செருகிவிட்டு நின்றேன்.
கால்மணி கழித்து பிளக்கின் மேல் புறங்கை வைத்தேன்.
பில்கிஸும் வந்து வைத்துப் பார்த்தாள்.
"ம்" என்றாள்.
எனக்கு அதற்குமேல் யாரும் எதுவும் தந்ததில்லை.

ஜன்னல் திண்டில் பழுப்பு வட்டம் ஒன்று இருக்கிறது.
பெயிண்ட் வாங்கிவந்தேன், அவள் அடிக்கவிடவில்லை.
பையன் அதன் நடுவில் கேரம் காய்களை அடுக்குகிறான்,
சிவப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
என் காரையே பார்க்கிறான்.